முதற்கதிர் யாருக்கு?

தை பிறந்து சில நாட்கள் சென்றபின், தென்மராட்சி வயல்வெளிகளிற் காலை வேளையில் நடந்து செல்பவர் ஒரு காட்சியைக் காணலாம். வரம்போரத்தில் அறுவடை இயந்திரம் முழங்கிக்கொண்டு நிற்கும். அதனை ஓட்டி வந்தவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருப்பார். வயலுக்குரியவரோ நீராடி, திருநீறணிந்து, கிழக்கு நோக்கி நின்று கும்பிட்டு, கையிலுள்ள அரிவாளால் ஒரு பிடி கதிரை அறுத்துத் தலைமேல் வைப்பார். அதன் பின்னரே இயந்திரம் வயலில் இறங்கும். வயல் முழுவதையும் விரைவில் அறுத்து முடிக்கவல்ல இயந்திரத்தை அந்த ஒரு பிடி கதிர் காத்திருக்கச் செய்கின்றது.

இதனையே நம் முன்னோர் 'புதிர் எடுத்தல்' என்றனர். புது நெல்லை வீட்டிற்குக் கொணர்ந்து, இறைவனுக்குப் படைத்து, தைப்பூச நாளிற் புத்தரிசிச் சோறு சமைத்துச் சுற்றத்துடன் உண்பது நம்மவர் வழக்கம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு உரிய வயல் மறவன்புலவிலே உள்ளது. தைப்பூசத்திற்கு முதல்நாள் அங்கு சென்று புதிர் அறுத்துக் கோயிலுக்குக் கொண்டுவரும் விழா இன்றும் நடைபெறுகின்றது. மட்டக்களப்பு மக்களும் புதிர் எடுப்பர். சிங்கள மக்கள் அநுராதபுரத்தில் ஸ்ரீ மகாபோதியின் முன் புத்தரிசியைக் காணிக்கையாக்குவர். மொழியும் சமயமும் வேறுபடினும், முதல் விளைவைத் தமக்கென வைத்துக்கொள்ளாத பண்பில் இந்நாட்டு உழவர் யாவரும் ஒன்றுபடுகின்றனர்.

இதனைப் பற்றி வகுப்பிற் பேசிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "சேர், நெல் விளைவது மழையாலும் பசளையாலும். நன்றி சொல்வதால் ஒரு மணியேனும் கூடுதலாக விளையுமா?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் அந்தக் கேள்வியை இருபது வயதில் நானும் கேட்டிருக்கின்றேன். அன்று எனக்குக் கிடைத்த விடையையே இங்கு எழுதுகின்றேன்.

வானம் பார்த்த நிலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பேராறுகள் இல்லை. சுண்ணக்கல் நிலத்தில் இறங்கும் மழைநீரே நம் கிணறுகளிற் சுரக்கின்றது. நெல் வயல்களோ பெரும்பாலும் வானத்தையே நம்பி நிற்பவை. ஆவணி புரட்டாதியில் நிலத்தை உழுது, காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு, வடகீழ்ப் பருவமழைக்காகக் கமக்காரன் காத்திருப்பான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை அளவாகப் பெய்தல் வேண்டும். மார்கழியிற் கதிர் பறியும் காலத்தில் வெள்ளம் தேங்கலாகாது. தையில் அருவி வெட்டும் காலத்தில் மழை பெய்யவே கூடாது. குளத்துநீர் பாயும் வன்னி நிலங்களிற் சிறுபோகமும் செய்யலாம். இங்கோ ஆண்டிற்கு ஒருமுறைதான் நெல் விளையும். அது தவறினால் அடுத்த தை வரை காத்திருத்தல் வேண்டும்.

உழுவதும் விதைப்பதும் களை பிடுங்குவதும் கமக்காரன் கையில் உள்ளன. மழையும் வெயிலும் அவன் கையில் இல்லை. இந்த இரண்டிற்கும் இடையே நின்று வாழ்பவனுக்கு ஏதேனும் ஒரு நம்பிக்கை இன்றியமையாதது. 'எனக்கு வரவேண்டியதை யாரோ தடுக்கின்றார்கள்' என்பதும் ஒரு நம்பிக்கைதான். 'எனக்கு வருவது யாரோ தருவது' என்பதும் ஒரு நம்பிக்கைதான். வானத்திலே எழுதப்படாத இவ்விரண்டும் மனிதனின் உள்ளத்திலே எழுதப்படுகின்றன. இவற்றில் எதனை அவன் உள்ளத்திற் கொள்கின்றான் என்பதே பின்னர் அவன் வாழ்வாக விளைகின்றது.

ஒரு வரம்பு, இரு சகோதரர்

என் தந்தையாருக்கும் அவருடைய தமையனாருக்கும் பாட்டனார் வழிவந்த வயல் ஒன்று இருந்தது. நடுவே வரம்பிட்டு இருவரும் பகிர்ந்துகொண்டனர். ஒரே மண், ஒரே மழை, ஒரே மொட்டைக்கறுப்பன் நெல். ஆயினும் இரு வீடுகளிலும் அறுவடைக் காலம் ஒரேவிதமாக இருந்ததில்லை.

பெரியையா உழைப்பில் எவருக்கும் குறைந்தவர் அல்லர். ஆனால், தமக்குக் கிடைத்த பங்கு தாழ்ந்த பங்கு என்னும் எண்ணம் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. நெல் நன்றாக விளைந்த ஆண்டிலும் எங்கள் பக்கத்துச் சூட்டின் உயரத்தைப் பார்த்தே அவர் தம் விளைவை அளந்தார். தம் களத்திற் குவிந்த பொலியிலும் பார்க்கப் பதரே அவர் கண்ணிற் பெரிதாகத் தெரிந்தது.

நான் சிறுவனாய் இருந்த காலத்தில் ஒரு தை மாதத்தில், அருவி வெட்டுக்கு ஆயத்தமாகியிருந்த வேளையில் எதிர்பாராத மழை கொட்டியது. விளைந்த பயிர் இரு வயல்களிலும் நீரிலே சாய்ந்தது. பெரியையா வரம்பில் நின்று பார்த்தார். 'எனக்கென்று எழுதியது இதுதான்' என்று கூறி வீட்டிற்குச் சென்று படுத்துவிட்டார். மூன்று நாட்களின் பின் அவர் வயலுக்கு வந்தபோது நீரிற் கிடந்த நெல் முளைவிட்டிருந்தது.

ஐயாவுக்கும் துயரம் இல்லாமல் இல்லை. அன்றிரவு அவர் உணவு கொள்ளவில்லை. ஆனால், மழை ஓய்ந்ததும் ஓயாததுமாக முழங்கால் நீரில் இறங்கி, எட்டியவற்றை அறுத்து, சிறு சிறு உப்பட்டிகளாக மேட்டு நிலத்திற்குத் தூக்கிவரத் தொடங்கிவிட்டார். அம்மாவும் நாங்களும் பின்னாற் சென்றோம். "எல்லாம் போய்விட்டதே, எதற்காக இந்தப் பாடு?" என்று வழியாற் சென்ற ஒருவர் கேட்டார். ஐயா நிமிர்ந்து பாராமலே, "நெல்லு வீட்டுக்கு வாற விருந்து. விருந்தாளியை மழையிக்குள்ள நிக்க விடலாமே?" என்றார். அவ்வாண்டு எங்களுக்குப் பாதி நெல் மிஞ்சியது.

மழை இருவருக்கும் பொதுவாகவே பெய்தது. நன்றியுள்ளவன் வயல் என்று அது விலகிச் செல்லவில்லை. ஆனால், 'தண்டனை வந்தது' என்று நம்பியவரின் கை ஓய்ந்தது. 'விருந்து நனைகின்றது' என்று நம்பியவரின் கை விரைந்தது. உள்ளத்தின் நம்பிக்கை மழையை மாற்றுவதில்லை. மழைக்குப் பின் மனிதன் செய்வதை மாற்றுகின்றது.

அந்த ஆண்டின் பின் இரு குடும்பங்களுக்கும் இடையே பேச்சு நின்றது. நடு வரம்பை ஐயா வெட்டி நீரைத் தம் பக்கம் திருப்பிவிட்டதாகப் பெரியையா நம்பினார். அந்த நம்பிக்கை ஒரு வரம்பை மதிலாக்கிவிட்டது.

நிவாரண அரிசியில் ஒரு பிடி

2000 ஆம் ஆண்டில் போர் தென்மராட்சியைச் சூழ்ந்தது. ஊரோடு ஊராக நாமும் இடம்பெயர்ந்து வடமராட்சியில் ஒரு பொதுக் கட்டடத்திலே தங்கினோம். ஓர் அறையை இரு குடும்பங்கள் பகிர்ந்தன. நடுவிலே கட்டிய சேலைதான் சுவர். நான் அப்பொழுது பல்கலைக்கழக மாணவன். என் புத்தகங்கள் வீட்டோடு போயின. வீடு என்ன ஆயிற்று என்பதும் எமக்குத் தெரியாது.

2001 ஆம் ஆண்டுத் தைப்பூசம் வந்தது. வயல் இல்லை, கதிர் இல்லை. கூட்டுறவுக் கடையில் அளந்து தந்த நிவாரண அரிசியே வீட்டில் இருந்தது. ஆச்சி விடியற்காலையில் எழுந்து முழுகி, அந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து வாழையிலைத் துண்டில் வைத்து, எங்கள் ஊர் இருக்கும் தெற்குத் திசையை நோக்கிக் கும்பிட்டார்.

எனக்குக் கோபம் மூண்டது. "ஆருக்கு ஆச்சி நன்றி சொல்லுறியள்? வீடும் இல்லை, வயலும் இல்லை. சங்கக்கடை அரிசிக்குப் புதிரோ?" என்று கேட்டுவிட்டேன்.

ஆச்சி கோபிக்கவில்லை. "இந்த அரிசியும் ஆரோ ஒரு கமக்காரன்ர வயலில விளைஞ்சதுதானே, மோனை. எங்கட வயல் இல்லையெண்டாப் போல, பாடுபட்டவன் இல்லையெண்டு ஆகுமே?" என்றார்.

அந்த ஒரு பிடியைச் சமைத்து, சேலைக்கு அப்பால் இருந்த குடும்பத்தின் கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டச் செய்தார். அதன் பின்னரே எங்களுக்குச் சோறு கிடைத்தது. இது மட்டுமன்று. ஒவ்வொரு நாளும் உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துப் பால்மாத் தகரம் ஒன்றிற் போட்டுவந்தார். பிடியரிசி போடுவது ஊரில் இருந்த காலத்து வழக்கம். அங்கு அது கோயிலுக்குச் சென்றது. இங்கு புதிதாக இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்குச் சென்றது.

நான் அந்த மாதங்களைப் பிற்காலத்திற் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஒரே அறையில், ஒரே அரிசியை உண்டு, நானும் ஆச்சியும் இரு வேறு வாழ்வுகளை வாழ்ந்தோம். இழந்தவன் என்று என்னை நான் நம்பியதால், கண்ட யாவும் இழப்பாகவே தோன்றின. பெற்றவள் என்று தம்மை அவர் நம்பியதால், கொடுப்பதற்கு அவரிடம் என்றும் ஏதோ ஒன்று இருந்தது. அக்கட்டடத்திற் காய்ச்சல் கண்டவர்களும் பிணக்குக் கொண்டவர்களும் தேடி வந்தது ஆச்சியை அன்றிப் படித்தவனாகிய என்னை அன்று.

அறிஞர் கண்டது

ஆச்சி அறிந்திருந்ததை இக்கால உளவியல் அறிஞரும் தம் வழியில் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க உளவியலாளர் றொபேட் எமன்ஸ், மைக்கல் மக்கலக் ஆகிய இருவரும் 2003 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவரை மூன்று குழுக்களாக வகுத்துப் பத்து வாரம் எழுதச் செய்தனர். ஒரு குழுவினர் அந்த வாரத்தில் தாம் நன்றி பாராட்டத்தக்கவற்றை ஐந்து வரையில் எழுதினர். மற்றொரு குழுவினர் தம்மைத் தொல்லைப்படுத்தியவற்றை எழுதினர். மூன்றாவது குழுவினர் நடந்தவற்றைப் பொதுவாக எழுதினர். நன்றியை எழுதியவர்கள் தம் வாழ்வை மேலானதாக மதித்தனர். வரும் வாரத்தைக் கூடிய நம்பிக்கையுடன் நோக்கினர். உடல் உபாதைகளைக் குறைவாகக் கூறினர். நரம்புத்தசை நோயுற்றவர்களிடம் நடத்திய மற்றோர் ஆய்வில், நாள்தோறும் நன்றியை எண்ணியவர்கள் நல்ல உறக்கம் பெற்றதாகவும் பிறருடன் கூடிய பிணைப்பை உணர்ந்ததாகவும் கூறினர். நோய் மாறிவிடவில்லை, நோயோடு வாழும் வாழ்வு மாறிற்று.

இவர்களுக்கு முன்னரே வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க மெய்யியலறிஞர் (1842–1910) ஓர் எடுத்துக்காட்டுக் கூறினார். மலையேறும் ஒருவன் பிளவு ஒன்றைத் தாண்டினாலன்றித் தப்பமுடியாத இடத்தில் நிற்கின்றான். 'தாண்டுவேன்' என்று நம்பினால் அவன் கால்கள் உறுதி பெறுகின்றன. 'முடியாது' என்று நடுங்கினால் அந்த நடுக்கமே அவனை வீழ்த்துகின்றது. சில வேளைகளில் நம்பிக்கை தன்னைத் தானே உண்மையாக்கிக் கொள்கின்றது என்பது அவர் கருத்து.

நம் களத்துமேட்டு மரபிலும் இவ்வறிவு உண்டு. சூடு மிதிக்கும் களத்தில் நெல்லை நெல் என்னாது 'பொலி' என்பர். பொலிதல் என்பது பெருகுதல். வாயாற் சொல்வதை மனம் பற்றிக்கொள்ளும், மனம் பற்றியதைக் கை பின்பற்றும் என்பதை நம் உழவர் அறிந்திருந்தனர் போலும். திருவள்ளுவரும் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பையே வைத்தார். செய்ந்நன்றி அறிதலுக்கெனத் தனியோர் அதிகாரமும் வகுத்தார். மழைக்கும் மனிதருக்கும் நாம் பட்டிருக்கும் கடனை நினைந்தே வாழ்வைத் தொடங்குதல் வேண்டும் என்பது இதனாற் புலப்படும்.

நன்றி என்பது பணிவு மட்டுமன்று

ஈண்டு ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் கடன். நன்றியுணர்வு என்பது எல்லாத் துன்பத்தையும் வாய்மூடி ஏற்பதன்று. 2021 ஆம் ஆண்டில் இந்நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டின் இறுதிக்குள் தடை நீக்கப்பட்டபோதும், 2022 இன் தொடக்கத்திற் பெரும்போக விளைச்சல் நாடெங்கும் பெரிதும் வீழ்ந்தது. அக்காலத்திற் கமக்காரர்கள் வீதியில் இறங்கிக் குரல் எழுப்பினர். 'உள்ளதற்கு நன்றி சொல்லிவிட்டு இருங்கள்' என்று அவர்களுக்கு எவரேனும் கூறியிருப்பின் அது அறமாகாது. 2024 ஆம் ஆண்டுக் கார்த்திகை வெள்ளத்திற் பயிரை இழந்தவனிடம் சென்று, 'உன் எண்ணம் சரியில்லாததால் வெள்ளம் வந்தது' என்று கூறுவது அதனினும் கொடுமை. உள்ளத்தின் நம்பிக்கை வெள்ளத்தை அழைப்பதுமில்லை, தடுப்பதுமில்லை.

மெய்யான நன்றி மனிதனை ஊமையாக்குவதில்லை. தன் சோற்றிலே பிறர் உழைப்பைக் காணப் பழகியவன், அந்தப் பிறருக்கு ஊறு நேரும்போது வாளாவிருக்க மாட்டான். பாடுபட்டவனை மறவாதே என்று ஆச்சி சொன்னதன் பொருளும் இதுவே.

புதிரின் வழி

2002 ஆம் ஆண்டில் போர் ஓய்ந்து பாதைகள் திறந்தபின் ஊருக்குத் திரும்பினோம். வயலிற் பற்றை மண்டியிருந்தது. கண்ணிவெடி அகற்றும் வரை அங்கு கால்வைக்க முடியவில்லை. 'விற்றுவிட்டு எங்கேனும் போவோம்' என்று நான் சொன்னேன். ஐயா விடையொன்றும் கூறாமல், மண்வெட்டிக்குப் புதிய பிடி போட்டுக்கொண்டிருந்தார். மீண்டும் விதைத்து, 2004 ஆம் ஆண்டுத் தையில் முதல் அறுவடையைக் கண்டோம். அதைக் காண ஆச்சி இருக்கவில்லை.

ஐயா முதற்பிடி கதிரை அறுத்துக் கும்பிட்டார். பின்பு அதனை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியைச் சாமியறையில் வைக்குமாறு அம்மாவிடம் கொடுத்தார். மறு பாதியை எடுத்துக்கொண்டு, "வா தம்பி" என்று என்னையும் அழைத்து நடந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பத்தாண்டுகளுக்கு மேலாக நாம் மிதியாத படலையைத் திறந்துகொண்டு பெரியையாவின் முற்றத்தில் நின்றோம்.

"அண்ணை, புதிர்" என்றார் ஐயா. வேறொன்றும் பேசவில்லை.

பெரியையா நெடுநேரம் அந்தக் கதிரைப் பார்த்தார். பின்பு இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். வரம்பைப் பற்றியோ வாய்க்காலைப் பற்றியோ அன்று எவரும் பேசவில்லை. பெரியம்மா தேநீர் கொண்டுவந்தார். நாம் குடித்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த ஆண்டில் அவருடைய வயலையும் ஐயாவே விதைத்துக் கொடுத்தார். பெரியையாவின் சுபாவம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று நான் கூற மாட்டேன். குறை கூறுவதை அவர் இறுதி வரை விடவில்லை. ஆனால், அவர் காலமான பின் அந்த வீட்டிற்குச் சென்றபோது, உள்வாயில் நிலைக்கு மேலே ஒரு நெற்கதிர்க் கொத்து தொங்குவதைக் கண்டேன். மணிகளெல்லாம் உதிர்ந்துவிட்டன. தாள் மாத்திரம் புகைபடிந்து எஞ்சியிருந்தது. "அதை எடுக்க விடமாட்டார், தம்பி" என்றார் பெரியம்மா.

அன்று வகுப்பிற் கேள்வி கேட்ட மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான். நன்றி சொல்வதால் வயலில் ஒரு மணியும் கூடுதலாக விளையாது. ஆனால், விளைந்த மணியிலிருந்து என்ன விளைகின்றது என்பது நன்றியைப் பொறுத்தது. ஒரு வீட்டில் அது மூடையாக மாத்திரம் இருக்கும். மற்றொரு வீட்டில் அது குழந்தையின் வாய்ச் சோறாகும். பகை தீர்க்கும் தூதாகும்.

நேயர்களே! உங்களிற் பலருக்கு வயல் இல்லை. கொழும்பிலே மாடிவீட்டில் வாழ்வோரும் உளர். கடல் கடந்து வாழ்வோரும் உளர். உழவனுக்கு அறுவடை இருப்பது போல மாதச் சம்பளமும் ஓர் அறுவடையே. பரீட்சைப் பெறுபேறும் ஓர் அறுவடையே. இந்தத் தைப்பூசத்தன்று உங்கள் வீட்டுச் சோற்றுப் பானையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை வேறாக எடுத்து வையுங்கள். 'இது யாருடைய பாட்டில் விளைந்தது? இதனை யாருக்குக் கொடுக்கலாம்?' என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரைக் கேட்டு நீங்கள் வியப்படையவுங்கூடும். நீங்கள் பல ஆண்டுகளாகத் திறவாத ஒரு படலை அவர்கள் நினைவுக்கு வருமாயின், அந்தக் கதிரை எடுத்துக்கொண்டு அங்கே நடந்து செல்லுங்கள்.